ஹோலிஷ்கெஸ்: யூதர் வீட்டு முட்டைக்கோஸ் சுருளை வீட்டில் செய்வது எப்படி?

மண்சட்டி:
கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் சுக்கோத் என்னும் அறுவடைப் பண்டிகைக்குச் செய்யும் கோஸ் சுருள் பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேள்விகள் வருகின்றன. ஒரே இழையில் பேசிவிடுவோம். அவர்களுடைய இத்திஷ் மொழி பேசுகிறவர்களுக்கு இது ஹோலிஷ்கெஸ், சில ஊர்க்காரர்களுக்குப் பிராக்கெஸ். மாட்டுக் கொத்துக்கறியையும் அரிசியையும் கோஸ் இலையில் சுருட்டி, இனிப்பும் புளிப்பும் சேர்ந்த தக்காளிச் சாற்றில் மெதுவாக வேகவைப்பது.

கோஸ் பெரியதாக, ஒன்றரை கிலோ அளவில் ஒன்று. பூரணத்துக்கு அரை கிலோ கொத்துக்கறி. அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். கொழுப்பே வேண்டாம் என்று வாங்கினால் வெந்தபின் உள்ளே கட்டியாக இறுகிவிடும். பச்சரிசி 80 கிராம், களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தது. பெரிய வெங்காயம் ஒன்று, துருவி அதன் சாற்றோடு. முட்டை ஒன்று, பூண்டு இரண்டு பல், உப்பு 8 கிராம், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் விரல் நுனியால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் கறி நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரப்பராகிவிடும். ஒரு சுருளுக்கு 60 கிராம் வைத்தால் 13 அல்லது 14 சுருள் வரும்.

சாற்றுக்கு, தோலுரித்து மசித்த தக்காளி 1 கிலோ (டின் தக்காளி என்றால் 800 கிராம்), தக்காளி பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, மெல்லியதாக நறுக்கிய வெங்காயம் இரண்டு, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை 50 கிராம், எலுமிச்சைச் சாறு 50 மி.லி., உலர் திராட்சை 50 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், தண்ணீர் 300 மி.லி. வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு முன்பே நிறுத்தி, பேஸ்டை ஒரு நிமிடம் வதக்கி, மீதி எல்லாம் சேர்த்து 10 நிமிடம் கொதித்தால் சாறு தயார்.

சுருட்டியதை மடிப்பு கீழே இருக்கும்படி பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, சாற்றை ஊற்றி, மூடி, சிறு தீயில் இரண்டரை மணி நேரம். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் மூடி இரண்டரை மணி நேரம், பிறகு மூடியை எடுத்துவிட்டு அரை மணி நேரம்.

இலை பற்றித் தனியாக எழுதுகிறேன். பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

சுக்குமல்லி:
அண்ணா, இலை பற்றி எழுதும்போது நம் ஊர்க் கோஸுக்கும் சேர்த்து எழுதுங்கள். இங்கே கிடைப்பது முக்கால் கிலோ, ஒரு கிலோ. அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. இலையை உரித்தாலே நடுவில் பிளக்கிறது.

மண்சட்டி:
ஆமாம், இறுகிய கோஸ்தான் பெரிய தொல்லை. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது, அளவுக்குத் தகுந்த எடை இல்லாமல் லேசாக இருப்பதை எடுக்க வேண்டும். அதில் இலைகளுக்கு நடுவே காற்று இருக்கும், உரிக்க வரும். மேல் இலைகளைக் கடைக்காரர் உரித்து எறிவதற்கு முன்னால் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அகலமான இலைகள் அவைதான்.

கொதிநீர் முறை இப்படி. கூரான கத்தியால் அடித்தண்டைச் சுற்றிக் கூம்பாக வெட்டி எடுத்துவிடுங்கள், நான்கு விரல் ஆழத்துக்கு. கோஸ் முழுதும் மூழ்கும் பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கொதிக்கட்டும். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி இறக்கி ஐந்து நிமிடம், பிறகு புரட்டுங்கள். தண்ணீர் அந்தக் குழிக்குள் நுழைந்ததும் மேல் இலை தானாகக் கழன்று மிதக்கும். இடுக்கியால் எடுத்துத் தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு இலை என்று வந்துகொண்டே இருக்கும். வராத இலையை இழுக்கக் கூடாது. பிளப்பதற்குக் காரணம் அவசரம்தான், அடியில் இன்னும் தண்டு பிடித்துக்கொண்டிருக்கும்.

இலை எவ்வளவு வெந்திருக்க வேண்டும்? நடு நரம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும். அதற்கு மேல் வெந்தால் சுருட்டும்போது கிழியும். எடுத்தபின் இலையைக் கவிழ்த்துப் போட்டு, புடைத்து நிற்கும் நரம்பைக் கத்தியைப் படுக்கவைத்துச் சீவி இலையின் கனத்துக்குச் சமமாக்குங்கள். நரம்பை முழுதாக வெட்டி எடுத்து, வி வடிவத்தில் ஓட்டை போடுகிறவர்களும் உண்டு. பூரணம் அந்த வழியாக வெளியே வரும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வன்னிமண்:
ரொறொன்ரோவில கோவா (நீங்கள் சொல்லுற கோஸ்) இரண்டு கிலோ, இரண்டரை கிலோவிலயும் கிடைக்கும், அதால இலை அளவு பிரச்சினை இல்லை. ஆனா இங்க கனபேர் கொதிதண்ணிக்குப் போறதே இல்லை. முழுக் கோவாவையும் பையில கட்டி ஃபிரீசரில இரண்டு நாள் வைக்கிறது. பிறகு ஒரு தட்டில வைச்சு, ஃபிரிட்ஜில ஒண்டரை நாள் உருக விடுறது. உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு இலையின்ர கலங்களை உடைச்சுப்போடும், உருகினா இலை துணி மாதிரித் தொங்கும். கை சுடாது, ஒரு இலையும் கிழியாது. அடித்தண்டை உறையவைக்க முதல் எடுத்துவிடுங்கோ. பிறகு எடுக்கிறது கரைச்சல்.

ஒரு விசயம் கவனிக்கவேணும். உறைஞ்சு உருகின இலை மெத்தெண்டு இருந்தாலும் அது வேகேல்லை. அதால பானையில கால் மணித்தியாலம் கூடுதலா விடவேணும். தண்ணியும் கூட விடும், சாற்றுக்கு ஊத்துற தண்ணியில 100 மி.லி. குறைச்சுக்கொள்ளுங்கோ.

நீலமலை:
இறுகிய கோஸுக்கு உறைய வைப்பதே சிறந்த வழி. வன்னிமண் சொன்னதை வழிமொழிகிறேன். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் இருந்து வரும் கோஸில் உருண்டை வகைதான் அதிகம், இலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். கொதிநீரில் போட்டால் வெளி இலை குழைந்துபோகும் நேரத்தில் உள் இலை பச்சையாகவே இருக்கும். உறையவைத்தால் உள்ளும் புறமும் ஒரே பதம்.

சிறிய இலை என்றால் இரண்டை இரண்டு விரல் அகலம் மேலேற்றிப் போட்டு ஒரே இலையாகப் பாவிக்கலாம். நரம்புப் பக்கங்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கட்டும்.

உப்புக்கல்:
சாறு பற்றி ஒரு கருத்து வேறுபாடு. மண்சட்டி எலுமிச்சைச் சாறு 50 மி.லி.யையும் முதலிலேயே ஊற்றச் சொல்கிறார். பழைய குறிப்புகள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. அதனால்தான் அவற்றில் மூன்று மணி நேரம், மூன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது. புளிப்பான நீரில் காய்கறியின் செல்சுவர் இளகாது, அரிசியும் மெதுவாகத்தான் வேகும். சாம்பாரில் காய் வெந்த பிறகுதானே புளி ஊற்றுகிறோம், அதே காரணம்தான். தக்காளியே புளிப்புள்ளது. அதோடு எலுமிச்சையும் சேர்ந்தால் இலை நறநற என்று நிற்கும், சுருளின் நடுவில் அரிசி வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். ‘இரண்டு மணி நேரம் வைத்தும் வேகவில்லை’ என்று பலர் சொல்லும் புகாருக்கு இதுதான் காரணம், அடுப்பு அல்ல.

முதல் ஒன்றரை மணி நேரம் தக்காளி, வெங்காயம், உப்பு, தண்ணீர் மட்டும். இலையைக் கத்தி முனையால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அந்த நிலைக்கு வந்தபிறகு எலுமிச்சை, சர்க்கரை, திராட்சை மூன்றையும் சேர்த்து 40 நிமிடம். மொத்தம் இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சர்க்கரையையும் பின்னால் போடுவதில் இன்னொரு லாபம், அடிப்பிடிக்காது.

மண்சட்டி:
உப்புக்கல், வேதியியல் சரி. என் தயக்கம் வேறு. புளிப்பும் இனிப்பும் முதலிலிருந்தே இருந்தால் பூரணத்துக்குள் இறங்கிவிடும். கடைசியில் சேர்த்தால் சாறு புளிக்கும், உள்ளே வெறும் கறியும் அரிசியும்தான். பெரியவர்கள் மூன்று மணி நேரம் வைத்ததைத் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன்.

உப்புக்கல்:
ஏற்கிறேன், ஆனால் அதற்குத் தீர்வு இன்னொரு மணி நேரம் அடுப்பு அல்ல, ஒரு ராத்திரி. செய்த அன்றே பரிமாறாமல் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் சாறு உள்ளே போய்விடுகிறது. மேலே உறையும் கொழுப்பையும் கரண்டியால் வழித்து எடுக்கலாம். மூன்று மணி நேரம் கொதித்த கறியைவிட இது மென்மை. அன்றே பரிமாற வேண்டிய நிலை என்றால் புளிப்பில் மூன்றில் ஒரு பங்கை முதலில் போட்டு மீதியைப் பின்னால் போடுங்கள்.

மண்சட்டி:
மறுநாள் சாப்பிடுவதாக இருந்தால் உங்கள் வழி. அன்றே என்றால் நான் பழைய வழியில்தான் போவேன், நேரம் கூடினாலும் பரவாயில்லை.

கரண்டி77:
எலுமிச்சை உப்பு போடலாமா?

விதைநெல்:
போடலாம். யூதர் சமையலறைகளில் நெடுங்காலமாகப் புழங்குவது அது, நம் மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் கிடைக்கும் அதே பொருள். போலந்திலும் லிதுவேனியாவிலும் எலுமிச்சை காசு கொடுத்து வாங்கும் சரக்கு. எலுமிச்சைச் சாற்றில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். ஆகவே 50 மி.லி. சாற்றுக்கு ஈடாக அரை டீஸ்பூன், ஏறத்தாழ இரண்டரை கிராம். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றிச் சுவை பாருங்கள். தூளாகத் தூவினால் ஒரு மூலையில் பல் கூசும், இன்னொரு மூலையில் ஒன்றும் இருக்காது. எலுமிச்சையின் மணம் இதில் வராது, சுத்தமான புளிப்பு மட்டும்தான். பாதி எலுமிச்சைச் சாறு, பாதி எலுமிச்சை உப்பு என்று போடுவது எனக்குப் பிடித்தது.

இனிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது ஊருக்கு ஊர் மாறும், இதில் சரி தவறு கிடையாது. போலந்து யூதர்களும், அதன் தெற்கிலிருந்து மேற்கு உக்ரைன் வரை நீண்ட கலீசியாப் பகுதி யூதர்களும் இனிப்பாகச் செய்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் சர்க்கரை பீட் ஆலைகள் பெருகி சர்க்கரை மலிவானது. லிதுவேனியா யூதர்கள் மிளகுப் பக்கம், சர்க்கரை நாக்குக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஹங்கேரியில் பாப்ரிகா, புளித்த கோஸ், புகையூட்டிய வாத்துக்கறி. ருமேனியாவில் புளித்த கோஸ் இலையிலேயே சுருட்டி, டில் கீரை போடுவார்கள். மண்சட்டி கொடுத்த 50 கிராம் நடுத்தரம். அமெரிக்காவில் இதற்கு இரண்டு மடங்கு போடுகிற வீடுகளும் உண்டு.

தக்காளியும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. கிழக்கு ஐரோப்பிய அடுக்களைகளில் அது பரவியது 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும்தான்.

சுக்குமல்லி:
கோஷர் முறைப்படி, அதாவது யூதர்களின் உணவு விதிப்படி, செய்ய என்ன கவனிக்க வேண்டும்? பன்றிக்கறி கூடாது என்பது தெரியும். வேறு?

விதைநெல்:
அக்கா, நம் பக்கத்து ஆட்கள் கவனிக்காமல் விடுவது நெய்யை. வெங்காயத்தை நெய்யிலோ வெண்ணெயிலோ வதக்கினால் பாலும் கறியும் ஒன்றாகிவிடுகிறது, கோஷர் போய்விட்டது. எண்ணெய், அல்லது பழைய முறையில் வாத்துக் கொழுப்பு, கோழிக் கொழுப்பு. ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் இதே மாதிரிச் சுருளின்மேல் புளித்த கிரீம் ஊற்றிச் சாப்பிடுவார்கள். யூதர் வீட்டில் கறிச் சுருளுக்கு அது கிடையாது. புளிப்பு முழுவதும் சாற்றிலிருந்தே வர வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இஞ்சி பிஸ்கட்டைப் பொடித்துச் சாற்றைக் கெட்டியாக்குவது அமெரிக்க யூதர் வீடுகளில் சகஜம். ஐந்தாறு பிஸ்கட், கடைசி 20 நிமிடத்தில். இஞ்சி மணமும் இனிப்பும் சேர்ந்து வரும். ஆனால் கடை பிஸ்கட்டில் வெண்ணெயோ பால்பொடியோ இருக்கும். உறையைப் படித்து, பால் இல்லாததாக வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் கால் டீஸ்பூன் சுக்குப்பொடி போட்டு, சாற்றைத் திறந்து வைத்துச் சுண்டவிட்டால் போதும்.

அடுத்தது பூச்சி. கோஸ் இலைக்குள் அசுவினி, சிறு புழு இருக்கும், அவற்றை உண்ணக் கூடாது. இலையைத் தனித்தனியாக எடுத்து, உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஓடும் நீரில் இரு புறமும் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெந்து கண்ணாடி போலான இலையில் கறுப்புப் புள்ளி சட்டென்று தெரியும்.

கறி. கோஷர் முறையில் அறுத்த இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்புப் போட்டு இரத்தம் இறங்கவிட்டு, கழுவித்தான் அரைப்பார்கள். அதனால் கறியிலேயே உப்பு ஏறியிருக்கும். அந்தக் கறி கிடைத்தால் 8 கிராமுக்குப் பதில் 5 கிராம் போட்டு, ஒரு சிட்டிகைப் பூரணத்தைத் தவாவில் சுட்டு ருசி பார்த்துவிட்டுச் சுருட்டுங்கள். சாதாரணக் கறியில் ருசி வரும், ஆனால் அதைக் கோஷர் என்று சொல்லிப் பரிமாறக் கூடாது. வீட்டுக்கு யூத விருந்தாளி வருகிறார் என்றால் இது மிக முக்கியம். பாத்திரம்கூட அவர்களுக்குக் கணக்கு, முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

வன்னிமண்:
ரொறொன்ரோ ஆக்கள் பாத்தர்ஸ்ட் வீதிப் பக்கம் போனா கோஷர் அரைச்ச இறைச்சி வாங்கலாம். விலை கூட. எலும்பும் கேட்டு வாங்குங்கோ. மாட்டு விலா எலும்புத் துண்டு இரண்டு மூண்டை பானைக்கு அடியில போட்டு, அதுக்கு மேல சுருளை அடுக்கினா சாறு வேற லெவல். தனிக் கொத்திறைச்சியில வராத ஒரு கனதி அதில வரும்.

கரண்டி77:
சாதத்தை வடித்துக் கலந்தால் வேகாத பிரச்சினையே இல்லையே? ஏன் பச்சரிசியை அப்படியே போட வேண்டும்?

உப்புக்கல்:
வடித்த சாதம் ஏற்கனவே நீர் குடித்து முடித்தது. கறி வேகும்போது விடுகிற சாற்றையும் கொழுப்பையும் அது இழுக்காது. அவை வெளியே சாற்றில் போய்விடும். உள்ளே ஒரு பக்கம் வறண்ட கறி, இன்னொரு பக்கம் குழைந்த சாதம். ஊறிய பச்சரிசி என்றால் அந்தச் சாற்றைக் குடித்துத்தான் வேகும்.

நடுவழி ஒன்று உண்டு. அரிசியைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் மட்டும் போட்டு வடித்து ஆறவைத்துக் கலப்பது. முதலிலேயே எலுமிச்சை ஊற்றும் மண்சட்டி முறைக்கு இது அவசியம் என்பேன். அரிசி வகையில் குண்டான, ஒட்டும் அரிசி நல்லது. பாஸ்மதி உதிரி உதிரியாக நின்று பூரணத்தைக் கட்டாது. இட்லி அரிசி, புழுங்கல் அரிசி வேண்டாம், வேக வெகு நேரமாகும். அளவையும் மீறாதீர்கள். அரைக் கிலோ கறிக்கு 100 கிராமுக்கு மேல் போனால் அரிசி உப்பி இலையைப் பிளக்கும்.

மண்சட்டி:
அதனால்தான் சுருட்டும்போது கொஞ்சம் இடம் விட வேண்டும். இலையின் குழிவான பக்கம் மேலே, தண்டுப் பக்கம் நம்மைப் பார்த்து. தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பூரணத்தைக் கட்டைவிரல் கனத்தில் நீளவாக்கில் வையுங்கள். தண்டுப் பகுதியை அதன்மேல் மடித்து, ஒரு ஓரத்தை மட்டும் உள்ளே மடக்கி, கடைசி வரை உருட்டுங்கள். திறந்திருக்கும் மறு ஓரத்தை விரலால் உள்ளே திணித்துவிடுங்கள். பல்குச்சி, நூல் எதுவும் வேண்டாம். இந்தத் திணிப்பே பூட்டு. இரண்டு ஓரத்தையும் முதலிலேயே மடித்து உருட்டுவதைவிட இது உறுதி, கொதியில் அவிழாது.

பூரணத்தை இலை நெரிக்கிற அளவுக்கு இறுக்கினால் அரிசிக்கு இடமில்லை. தொளதொளவென்று விட்டால் பாத்திரத்தில் ஆடி அவிழும். சுருளைத் தூக்கினால் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும், லேசாக அழுத்தினால் உள்வாங்க வேண்டும்.

மீந்த சிறிய இலைகளையும் கிழிந்தவற்றையும் நறுக்கிப் பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அடி பிடித்தாலும் அதுதான் பிடிக்கும், சுருள் தப்பிக்கும். சாப்பிடும்போது அதுவும் ருசியே. சுருள்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி, சாறு மேல் வரிசையைத் தொடும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். தட்டின் எடையில் சுருள் மிதக்காது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் குமிழி ஒன்றிரண்டு வருகிற அளவில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் எவ்வளவு நன்றாகச் சுருட்டியிருந்தாலும் பிரியும்.

நீலமலை:
நம் கேஸ் அடுப்பில் அவ்வளவு சிறு தீ நிற்காது. பழைய இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். தம் பிரியாணிக்கு வைப்பது போலத்தான். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், தக்காளியும் எலுமிச்சையும் இரண்டு மணி நேரம் அதில் கிடந்தால் உலோக வாடை வரும். எவர்சில்வர் அல்லது எனாமல்.

சுக்குமல்லி:
குக்கரில் வைக்கலாமா? இரண்டரை மணி நேர கேஸ் கட்டுப்படியாகாது.

உப்புக்கல்:
வைக்கலாம் அக்கா. எவர்சில்வர் குக்கராக இருக்கட்டும். கெட்டித் தக்காளிச் சாறு குக்கரில் அடிப்பிடிக்கும் என்பதால் சாற்றை இரண்டாகப் பிரியுங்கள். குக்கரில் நறுக்கிய கோஸ் பரப்பு, சுருள், பாதித் தக்காளி, 350 மி.லி. தண்ணீர், உப்பு மட்டும். பேஸ்ட், சர்க்கரை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். விசில் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். முழு அழுத்தம் வந்ததிலிருந்து சிறு தீயில் 20 நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு அழுத்தம் தானாக இறங்க வேண்டும். விசிலைத் தூக்கிவிட்டால் உள்ளே ஒரே வேகத்தில் கொதித்து இலை வெடிக்கும்.

இன்னொரு அடுப்பில் மீதித் தக்காளி, பேஸ்ட், வெங்காயம், சர்க்கரை, எலுமிச்சை, திராட்சையைச் சுண்டவைத்திருங்கள். குக்கரைத் திறந்து அதை மேலே ஊற்றி, மூடாமல் 20 முதல் 25 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். இந்தக் கடைசிப் பகுதியைத் தவிர்த்தால் கோஸ் போட்ட தக்காளி ரசம்தான் கிடைக்கும்.

மாட்டுக்கறி வேண்டாம் என்கிறவர்கள் ஆட்டுக் கொத்துக்கறி போடலாம், நேரம் அதேதான். கோழி என்றால் தொடைக் கறியை அரைத்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயோ கோழிக் கொழுப்போ சேருங்கள். நெஞ்சுக்கறி வறண்டுவிடும். தெர்மாமீட்டர் இருந்தால், சுருளின் நடுவில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் 71 டிகிரி, கோழிக்கு 74 டிகிரி தாண்டியிருக்க வேண்டும்.

கரண்டி77:
பிரிஞ்சி இலை போடலாமா? குறிப்புகளில் பே இலை என்று இருக்கிறது.

மண்சட்டி:
நம் பிரிஞ்சி இலை வேறு மரம், பட்டை வாசம் அடிக்கும். ஒன்றுமே போடாவிட்டாலும் குறையில்லை. மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் பக்கம் போகாதீர்கள். கோஸ், கறி, வெங்காயம், மிளகு ஆகியவற்றின் மணம் தெரிய வேண்டிய பண்டம் இது. மசாலா போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ஹோலிஷ்கெஸ் இல்லை.

விதைநெல்:
மஞ்சளும் இஞ்சியும் வேண்டும் என்கிறவர்களுக்கு யூதர் சமையலிலேயே வேறொரு கிளை இருக்கிறது. கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்களின் மஹாஷா. 1798இல் ஷாலோம் கோஹன் அங்கே வந்ததிலிருந்து வளர்ந்த சமூகம் அது. அரிசி, கோழிக் கொத்துக்கறி, இஞ்சி, பூண்டு, மஞ்சள், புதினா கலந்து கோஸ் இலை, தக்காளி, வெங்காயம், வெள்ளரி எல்லாவற்றுக்குள்ளும் நிரப்பி, எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த நீரில் வேகவைப்பார்கள். அலெப்போ யூதர்கள் திராட்சை இலைச் சுருள் போன்றவற்றுக்குப் புளியையே பயன்படுத்துவார்கள். புளிக்கரைசலைச் சர்க்கரையோடு காய்ச்சி, பாகு பதத்துக்குச் சுண்டவைத்து பாட்டிலில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். புளிதான் பிடிக்கும் என்றால் அந்த வழிக்குப் போங்கள், ஹோலிஷ்கெஸில் எலுமிச்சைக்குப் பதிலாக ஊற்றாதீர்கள். தக்காளியோடு சேர்ந்து நிறம் கறுத்து, குழம்பு வாசம் வந்துவிடும்.

வன்னிமண்:
சுக்கோத்துக்கு ஏன் இதைச் செய்யினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை?

விதைநெல்:
சுக்கோத் அறுவடைப் பண்டிகை, திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கும். நம் கணக்கில் செப்டம்பர் கடைசி, அக்டோபர். எதையாவது நிரப்பிய பண்டம் விளைச்சலின் நிறைவுக்கு அடையாளம். ஏழு நாளும் வெளியே இலை தழை வேய்ந்த குடிலில் சாப்பிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் சூடு ஆறாமல் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பண்டம் என்பது அதற்குத் தோது. அதை ஒட்டி வரும் சிம்ஹாத் தோரா பண்டிகைக்கு (தோரா என்பது யூத வேதம்) தட்டில் இரண்டு சுருளை ஒட்டி வைப்பார்கள், தோரா ஏட்டுச் சுருள் போலத் தெரியும்.

பஸ்கா பண்டிகைக்குச் செய்தால் அரிசி விஷயத்தில் கவனம். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) யூதர்களில் பெரும்பாலோர் அந்த எட்டு நாளும் அரிசி சாப்பிடும் வழக்கம் இல்லாதவர்கள். அரைக் கிலோ கறிக்கு நான்கு மேசைக்கரண்டி மாட்ஸா மாவோ (புளிக்காத அப்பத்தைப் பொடித்தது), துருவிப் பிழிந்த ஒரு நடுத்தர உருளைக்கிழங்கோ போடுவார்கள். அரிசி இல்லாததால் பூரணம் உப்பாது, அப்போது இலையை நன்றாக இறுக்கிச் சுருட்டலாம்.

நீலமலை:
கறி இல்லாமல் செய்ய வழி உண்டா?

மண்சட்டி:
உண்டு, அதுவும் பழைய வழிதான். கறி வாங்க முடியாத வீடுகளில் பக்வீட் என்ற தானியம், பார்லி, காளான் வைத்தே சுருட்டினார்கள். வறுத்த பக்வீட் 150 கிராமில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, அது உதிரும் வரை வாணலியில் புரட்டி, 300 மி.லி. வெந்நீர் ஊற்றி, மூடி முக்கால் பதத்துக்கு வேகவையுங்கள். காளான் 250 கிராமைப் பொடியாக நறுக்கி, அதன் தண்ணீர் முழுதும் வற்றும்வரை வதக்க வேண்டும். அது வற்றாவிட்டால் சுருள் உள்ளே சொதசொதப்பாகும். இரண்டு வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிச் சேருங்கள். கறிக் கொழுப்பு இல்லாத குறைக்கு எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. பாத்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும். கறி இல்லாததால் இதற்குப் புளித்த கிரீம் தாராளமாக ஊற்றலாம், நெய்யிலும் வதக்கலாம். பார்லி என்றால் முதலில் தனியாக 25 நிமிடம் வேகவைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டி77:
கடைசிக் கேள்வி. சாறு நீர்த்துப்போனால்? ருசி சரியில்லை என்றால் எதைத் தொட்டுத் திருத்துவது?

உப்புக்கல்:
கோஸும் வெங்காயமும் தண்ணீர் விடுவது இயல்பு. சுருள்களை அகலக் கரண்டியால் தட்டுக்கு மாற்றிவிட்டு, சாற்றை மட்டும் பெரிய தீயில் சுண்டவைத்து மறுபடி ஊற்றுங்கள். மாவு கரைத்து ஊற்ற வேண்டாம். ருசியைச் சுண்டியபின் பாருங்கள், முன்னால் அல்ல. முதலில் உப்பைச் சரிசெய்யுங்கள். உப்பு குறைவாக இருந்தால் இனிப்பு அதிகம் மாதிரித் தோன்றும், அதற்கு எலுமிச்சை ஊற்றிக்கொண்டே போவார்கள். உப்பு சரியானபின்னும் தித்தித்தால் எலுமிச்சை ஒரு டீஸ்பூன், புளித்தால் சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது கொஞ்சம் புளிப்பு தூக்கலாகவே இருக்கட்டும், மறுநாள் அடங்கிவிடும்.

சுக்குமல்லி:
மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

வன்னிமண்:
ஃபிரிட்ஜில மூண்டு நாள். அரிசியும் இறைச்சியும் சேர்ந்தது, வெளியில இரண்டு மணித்தியாலத்துக்கு மேல வைக்காதேங்கோ. பெரிய பானையா இருந்தா சுருளை அகலத் தட்டில பரப்பி ஆறவிடுங்கோ அக்கா, இல்லாட்டி நடுவில சூடு நிண்டுபோடும். ஃபிரீசரில சாற்றோட சேர்த்து மூண்டு மாதம். சாறு இல்லாமல் உறையவைச்சா இலை காஞ்சுபோகும். சூடாக்கேக்க முதல்நாளே ஃபிரிட்ஜுக்கு மாத்தி உருக விட்டு, அரைக் கப் தண்ணி ஊத்தி, மூடி, சின்ன நெருப்பில 25 நிமிசம். கிளறாதேங்கோ, பானையைப் பிடிச்சு ஆட்டிவிட்டாக் காணும்.